ஜான்ஸ்டன் சிட்டி பூல் பந்தயங்கள்

அமெரிக்காவின் தெற்கு இல்லினாய்ஸ் நிலக்கரிச் சுரங்க வட்டாரத்துச் சிற்றூரான ஜான்ஸ்டன் சிட்டியில் 1961 முதல் 1972 வரை நடந்த பூல் எனும் மேசைப் பந்தாட்டப் போட்டிகளும் அவற்றையொட்டிய சூதாட்டமும். தொடங்கியவர்கள் ஜார்ஜ், பாலி ஜான்ஸ்கோ சகோதரர்கள். முதலாண்டில் 'ஒன் பாக்கெட்' ஆட்டம் மட்டுமே: ஆளுக்கொரு மூலைக் குழி, தன் குழியில் முதலில் 8 பந்துகளை வீழ்த்துபவருக்கு வெற்றி. எதிராளியின் குழிப்பக்கம் ஒரு பந்தும் ஒதுங்காமல் காப்பதில்தான் கெட்டிக்காரத்தனம். அவசரக்காரர் பணத்தை இழப்பார். போட்டி முடிந்த பின், விடிய விடிய நடந்த பந்தய ஆட்டங்களில்தான் பெரும்பணம் கைமாறியது. எடி டெய்லர், 'மினசோட்டா ஃபேட்ஸ்' எனப்பட்ட ருடால்ஃப் வாண்டரோன் முதலியோர் ஆடினர். வாண்டரோனின் பேச்சு ஊரை ஈர்த்தது; ஆட்டத்தில் மேலானவர் அங்கு ஆடிய லூதர் லாசிட்டரே. 1972-இல் மத்திய அரசு அதிகாரிகள் சோதனை நடத்திச் சூதாட்ட வழக்குகள் தொடுத்ததோடு போட்டி நின்றுபோனது.