களமெழுத்தின் ஐந்து நிறங்கள்: கணினியில் வண்ணத் தொகுப்பை உருவாக்கிச் சேமிக்கும் முறை

தமிழ்நாட்டை ஒட்டிய கேரள மாவட்டங்களான பாலக்காடும் இடுக்கியும் குறைந்த நிறங்களில் நிறைந்த ஓவியம் படைக்கும் மரபுக்குச் சான்றாக உள்ளன. இடுக்கி மாவட்டம் மறையூரின் பாறை ஓவியங்களில் காவிச் சிவப்பும் வெள்ளையும் காணப்படுகின்றன. பாலக்காட்டில் பகவதி, ஐயப்பன் வழிபாட்டின்போது தரையில் வரையப்படும் களமெழுத்து ஐந்து நிறப் பொடிகளால் ஆனது.

அரிசி மாவு வெள்ளையையும், மஞ்சள் தூள் மஞ்சளையும், கரியாக்கிய உமி கருப்பையும், வாகை போன்ற மரங்களின் உலர்ந்த இலைப்பொடி பச்சையையும் தருகின்றன. மஞ்சளுடன் சுண்ணாம்பு சேரும்போது, ஆரத்தித் தட்டில் தோன்றும் அதே சிவப்பு கிடைக்கிறது. சடங்கின் நிறைவில் ஓவியம் அழிக்கப்படுகிறது. எனினும் நிறங்களின் செய்முறை தலைமுறைகளாக நிலைத்திருப்பதால், அடுத்த களமும் அதே நிறங்களில் எழுகிறது.

வரைகலைப் பணியில் வண்ணத் தொகுப்பின் பயனும் இதுவே. அழைப்பிதழ், பெயர்ப்பலகை, சமூக ஊடகப் படம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் கண்ணளவில் நிறம் தேர்ந்தால், ஒரே நிறுவனத்தின் சிவப்பு மூன்று விதமாக அமைந்துவிடும். ஓராண்டு கழித்துப் பழைய நிறத்தை மீட்பதும் கடினம்.

எண்களாக மாற்றுதல்

கணினித் திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவாக, 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. இவ்வகையில் 1,67,77,216 நிறங்கள் சாத்தியம். களமெழுத்துப் பொடிகளுக்கு மரபில் எண்கள் இல்லை. அவற்றை ஒட்டி ஒரு தொகுப்பைப் பின்வருமாறு அமைக்கலாம்:

வெள்ளை: 245, 240, 228
மஞ்சள்: 230, 170, 30
சிவப்பு: 178, 45, 30
பச்சை: 60, 110, 50
கருப்பு: 35, 32, 30

புகைப்படத்திலிருந்து நிறம் எடுப்போர் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பயன்படுத்துவது நல்லது. விளக்கொளியில் அரிசி மாவின் வெள்ளையும் மஞ்சளாகப் பதிவாகும்.

சேமிக்கும் முறை

கட்டணமற்ற 'கிம்ப்' மென்பொருளின் வண்ணத் தொகுப்புப் பகுதியில் புதிய தொகுப்பைத் திறந்து, நிறங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பெயரிடலாம். புகைப்படம் ஒன்றிலிருந்து தொகுப்பை நேரடியாகப் பெறவும் வசதி உண்டு. இது 'ஜிபிஎல்' கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. நிறங்களின் எண்களும் பெயர்களும் மட்டுமே கொண்ட எளிய எழுத்துக் கோப்பு என்பதால், அதை மின்னஞ்சலில் அனுப்புவதும் நகலெடுத்து வைப்பதும் எளிது. 'இங்க்ஸ்கேப்' மென்பொருளின் தொகுப்புக் கோப்புறையில் இதே கோப்பை இட்டால் அங்கும் பயன்படும். கேரளப் பள்ளிகளின் கணினிப் பாடத்தில் இவ்விரு மென்பொருள்களும் இடம்பெற்றுள்ளதால், மாணவர்களும் இதை எளிதில் முயன்று பார்க்கலாம்.

'மஞ்சள் 1' என்பதைவிட 'தலைப்பு மஞ்சள்', 'பின்னணி வெள்ளை' எனப் பயன்பாட்டைக் குறிக்கும் பெயர்களே பின்னர் உதவும்.

கவனிக்க வேண்டியவை

அழகான நிறங்கள் எல்லாம் எழுத்துக்குப் பொருந்துவதில்லை. சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டுதலின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு தேவை. மேற்கண்ட தொகுப்பில் வெள்ளையின் மீது கருப்பு சுமார் 14:1, சிவப்பு சுமார் 5.6:1 வேறுபாடு கொண்டவை. மஞ்சளுக்கோ அது 1.8:1 மட்டுமே. எனவே வெள்ளைப் பின்னணியில் மஞ்சளை அலங்காரத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்; முகவரி, தேதி, தொலைபேசி எண் போன்றவற்றுக்கு அது ஏற்றதன்று.

அச்சில் நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு மைகளே நிறங்களை உருவாக்குவதால், திரையில் தெரியும் நிறம் தாளில் அப்படியே வருவதில்லை. முழு எண்ணிக்கையில் அச்சிடும் முன் ஒரு மாதிரிப் பிரதியைச் சரிபார்த்து, அதில் ஏற்கப்பட்ட மை அளவுகளையும் தொகுப்புடன் குறித்து வைக்க வேண்டும். அடுத்த பணியை வேறொருவர் மேற்கொண்டாலும் நிறம் மாறாதிருக்க இக்குறிப்பு உதவும்.