புளித்த மாவும் ஆண்டின் பருவங்களும்

புளித்த மாவைக் குறித்துத் திருமறை இருவேறு வகையில் பேசுகிறது. பஸ்கா நாட்களில் அது வீட்டில் காணப்படவே கூடாது என்பது விதி (யாத். 12:19). இயேசுபெருமானோ இறையாட்சியை அதற்கே ஒப்பிடுகிறார் (மத். 13:33). இம்முரண்பாட்டைத் தவிர்க்க எண்ணி, உவமையிலும் புளித்த மா தீமையையே குறிக்கிறது எனச் சிலர் பொருள் கொண்டனர். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க வேதாகமம் இக்கருத்தைப் பலரிடையே பரப்பிற்று. பண்டை மக்கள் அடுக்களையில் புளித்த மாவை எவ்வாறு பேணினர் என்னும் வரலாற்றை அறிந்தால் இச்சிக்கல் பெரிதும் அவிழும் என்பது நம் கருத்து.

1. அடுக்களையில் புளித்த மா

கடையில் வாங்கும் ஈஸ்ட்டைப் பண்டை உலகம் அறியாது. கட்டியாக்கப்பட்ட ஈஸ்ட் 19ஆம் நூற்றாண்டில்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன், நேற்றுப் பிசைந்த மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்து இன்று பிசையும் மாவில் கலப்பதே பெருவழக்கு. பழைய இட்லி மாவில் சிறிதைப் புதிய மாவுடன் சேர்க்கும் நம் இல்லங்களில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குவோர் மாவை நீரில் குழைத்துவைத்து, நாள்தோறும் ஒரு பகுதியை அகற்றிப் புதுமாவும் நீரும் இடுவர். மாவிலேயே இருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாவும் பெருகி, ஒன்றிரண்டு வாரங்களில் அது அப்பத்தை உப்பச் செய்யும் வலிமை பெறுகிறது.

இது பருவத்திற்குக் கட்டுப்பட்டது. கோடையில் சில மணி நேரத்தில் பொங்கும் மா, குளிர்காலத்தில் ஓர் இரவு கழிந்தும் தயங்கி நிற்கும். எனவே கோடையில் புளித்த மாவைக் குறைத்தும், குளிரில் கூட்டியும் இடுவர். கவனியாது விட்டால் அளவுக்கு மிஞ்சிப் புளித்து, பிசைந்த மாவின் பிடிமானம் தளர்ந்து, அப்பம் தட்டையாகும். அப்பத்திற்கு உயிரூட்டுவதும் அதனைக் கெடுப்பதும் ஒரே மாதான். புதுப்பித்தலும் கழித்தலும் அதனைப் பேணுவோரின் அன்றாடப் பணிகள்.

2. பஸ்காவும் பெந்தெகொஸ்தேயும்

இஸ்ரவேலரின் விழாக்கள் இவ்வுண்மையை ஆண்டின் சுழற்சியோடு இணைத்தன. வாற்கோதுமை அறுவடை தொடங்கும் இளவேனிலில் பழைய புளிப்பு முற்றிலும் அகற்றப்பட்டது. ஏழு நாள் புளிப்பில்லா அப்பமே உணவு. ஏழு வாரங்கள் கழிந்து கோதுமை அறுவடை விழாவிலோ, புளிப்புடன் சுட்ட இரண்டு அப்பங்களை ஆண்டவர்முன் கொண்டுவரவேண்டும் (லேவி. 23:17). நன்றிப்பலியுடனும் புளித்த அப்பம் படைக்கப்பட்டது (லேவி. 7:13). பலிபீடத்தின் நெருப்பில் அதனை இடலாகாது என்ற தடை இருந்தபோதிலும், புளிப்பு இயல்பாகவே தீயது என இஸ்ரவேலர் கருதவில்லை என்பது தெளிவு.

3. ரோம உலகின் சான்று

கி.பி. 79இல் மறைந்த பிளினி, தமது 'இயற்கை வரலாறு' நூலின் 18ஆம் பகுதியில் இதுபற்றி விரிவாக எழுதியுள்ளார். திராட்சை அறுவடைக் காலத்தில் தினையைப் புதுத் திராட்சைச் சாற்றில் பிசைந்து ஓராண்டு வைத்துக்கொள்வர். கோதுமைத் தவிட்டை அச்சாற்றில் மூன்று நாள் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவதும் உண்டு. எனினும் பெரும்பாலோர் முந்தின நாளின் மாவையே பயன்படுத்தினர் என்கிறார் அவர். மறுபுறம், யூப்பித்தரின் தலைமைக் குரு புளித்த மாவைத் தொடலாகாது என்ற விதிக்கு விளக்கம் தேடிய புளூட்டார்க், புளிப்பு கெடுதலிலிருந்து தோன்றிப் பிறவற்றையும் கெடுப்பது என்று எழுதினார். ஆகவே இவ்விரு நோக்குகளும் யூதருக்கு மட்டும் உரியவை எனக் கொள்வதற்கில்லை.

4. திருச்சபையின் வழக்கு

எபேசுவிலிருந்து கொரிந்தியருக்கு எழுதிய பவுல், பழைய புளிப்பை அகற்றுமாறு கட்டளையிட்டார் (1 கொரி. 5:7). இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இக்னேசியு, மக்னேசியருக்கு எழுதிய நிருபத்தில், மிஞ்சிப் புளித்த பழைய மாவை விட்டுவிட்டுப் புதிய புளிப்பாகிய கிறிஸ்துவிடம் திரும்புமாறு அழைத்தார். கழித்தலையும் புதுப்பித்தலையும் அவர் ஒன்றாகவே கண்டார்.

பிற்காலத்தில் இவ்விரண்டும் எதிரெதிர் அணிகளாயின. 1053இல் ஒக்ரிட் பேராயர் லியோ, மேற்கத்தியர் புளிப்பில்லா அப்பத்தை நற்கருணையில் பயன்படுத்துவதைக் கண்டித்து எழுதினார். மறு ஆண்டு கீழ்த்திசைச் சபைக்கும் ரோமுக்கும் நேர்ந்த பிளவில் இதுவும் ஒரு காரணமாயிற்று. 1439இல் ஃப்ளாரன்ஸ் சங்கம், இருவகைக் கோதுமை அப்பமும் ஏற்புடையதே, அவரவர் தம் சபை வழக்கைப் பின்பற்றலாம் என்று தீர்மானித்தது. ஒரே இல்லத்தில் பருவந்தோறும் மாறிமாறி உண்ணப்பட்ட இரு அப்பங்களுக்காகத் திருச்சபை நூற்றாண்டுகள் வழக்காடியது வருந்தத்தக்கது.

கிழக்கின் அசீரியத் திருச்சபையின் மரபு இங்கு நம் கவனத்திற்குரியது. திருச்சூரிலுள்ள கல்தேய சீரியத் திருச்சபை இதனைச் சேர்ந்ததே. இம்மரபில் 'மல்கா' எனப்படும் புனிதப் புளிப்பு நற்கருணை அப்பத்துடன் சேர்க்கப்படுகிறது. அது ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று புதிய மாவும் உப்பும் கலந்து புதுப்பிக்கப்படுகிறது. முன்னோரிடமிருந்து பெற்றது தொடர்கிறது. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை புதியதாகிறது.

5. நமக்குரிய பாடம்

உவமையின் பெண் எடுத்த 'மூன்றுபடி மா' நம் ஊர்ப் படியளவன்று. அது ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளும் அளவு. நூறு பேருக்கு மேல் உண்ணலாம். அத்துணை மாவையும் ஒரு பிடிப் புளித்த மா உள்ளிருந்தே மாற்றுகிறது. இதில் தீமையைத் தேட வேண்டிய அவசியமில்லை. எனினும், பழைய புளிப்பைப் பற்றிய எச்சரிக்கையும் வீணன்று. நாம் பெற்றுக்கொண்ட மரபு, வழிபாடு, போதனை யாவும் அப்பிடி மாவைப் போன்றவையே. அவற்றை முற்றிலும் எறிந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அப்பமில்லை. புதுமாவு இடாமல் அப்படியே வைத்திருந்தால் அவை மிஞ்சிப் புளித்துவிடும். பஸ்காவிலிருந்து பெந்தெகொஸ்தே வரையுள்ள ஏழு வாரங்களில் இவ்விரு பகுதிகளையும் சேர்த்தே நம் சபைகளுக்குப் போதிப்போமாக.