ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (1870–1960): வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய அமெரிக்க மிஷனரி மருத்துவர். பிறந்தது ராணிப்பேட்டையில். மிஷனரியாகும் எண்ணமே அவருக்கு இல்லை. உடம்புக்கு முடியாத தாயைக் கவனிக்கத்தான் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். மூவரின் மனைவியருக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் தந்தை மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். அதைக் கடவுளின் அழைப்பாகவே எடுத்துக்கொண்டார்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. கிராமங்களுக்கு வண்டியில் போய்ச் சாலையோரத்திலேயே புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்தார்.

வேலூரில் மருத்துவம் படிக்க ஆண்களுக்கு இடம் கிடைத்தது 1947-இல்தான். திண்டிவனம் இரவை நினைத்தால், அந்த வரிசை நியாயமானதே.