ஓதுதல், முதாலஆ, தக்ரார்: நம் வாசிப்பின் பழஞ்சொற்கள்



நம் பாட்டிமார்கள் பள்ளிக்கூடப் பாடத்தைப் ‘படி’ என்பார்கள். குர்ஆனையும் கிதாபையும் ‘ஓது’ என்பார்கள். ஓதுதலில் கண்ணோடு வாயும் செவியும் சேர்கின்றன. நபி (ஸல்) அவர்களுக்கு முதலில் அருளப்பெற்ற ‘இக்ரஃ’ என்னும் கட்டளைக்கும் வாசித்தல், ஓதுதல் என்ற இரு பொருளும் உண்டு.

நூலோடு வாழ்ந்தோருக்கு அரபியில் தனிப்பெயர்கள் இருந்தன. காகிதம் விற்று, நூல்களைப் படியெடுத்து வணிகம் செய்தவர் ‘வர்ராக்’. ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் அறிஞர் அல்ஜாஹிழ், வர்ராக்குகளின் கடைகளை வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் வாசித்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பாக்தாதின் வர்ராக்கான இப்னுன் நதீம், தாம் அறிந்த நூல்களைப் பட்டியலிட்டு ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’தைத் தொகுத்தார்.

இவ்வளவு நூற்பற்றுடைய அச்சமூகமே, ஆசிரியரிடம் கேளாது ஏட்டை மட்டும் பார்த்துக் கற்றவரை ‘ஸஹஃபீ’ என்று குறைத்துச் சொன்னது. பண்டைய அரபு ஏடுகளில் எழுத்துகளுக்குப் புள்ளிகள் பெரும்பாலும் இடப்படவில்லை. பா, தா, ஸா ஆகியவை ஒரே வடிவில் நின்றன. கேட்டறியாதவர் மாற்றி வாசித்துவிடுவார். அப்பிழைக்கு ‘தஸ்ஹீஃப்’ என்று பெயர்.

அதைத் தவிர்க்கும் முறையை மதரஸாக்கள் இன்றும் பேணுகின்றன. பாடத்திற்கு முன்பே கிதாபைத் தானே பார்த்து வருவது ‘முதாலஆ’. பாடம் முடிந்தபின் மாணவர்கள் கூடி அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுத் திருப்புவது ‘தக்ரார்’. இரண்டுக்கும் நடுவில் உஸ்தாது இருக்கிறார்.

இம்மரபு நம் கடற்கரையிலும் செழித்தது. முதுகுளத்தூருக்குத் தென்கிழக்கே உள்ள கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898), ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் மார்க்கச் சட்ட நூலை அரபுத்தமிழில் யாத்தார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே கூடுதல் குறிகள் இடப்பட்டன. குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்து அறியாவிடினும் அத்தகைய நூல்களைத் தாமே ஓதி, அண்டை வீட்டாருக்கும் ஓதிக்காட்டினர்.

அவ்வேடுகளை ஓதத் தெரிந்தவர்கள் இன்று அருகிவருகின்றனர். பரணிலுள்ள கிதாபு எந்த மொழியில் உள்ளதென்றே அறியாத வீடுகள் உண்டு. மறுபுறம், கைபேசியில் வரும் ஹதீஸை எவரிடமும் கேட்டுத் தெளியாமல் பிறருக்கு அனுப்புகிறோம். ஏடு மாறியிருக்கிறது, ஸஹஃபீ மாறவில்லை.

ஆகவே, உங்கள் வீட்டுப் பழங்கிதாபுகளைக் கரையானுக்கு விடாதீர்கள். ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். ஓதத் தெரிந்த நன்னியோ பாட்டியோ இருந்தால் பிள்ளைகளை அருகில் அமர்த்தி ஓதச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் மறைந்தபின் எழுத்து எஞ்சும். அதன் ஒலி எஞ்சாது.

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.