தெரிந்திருந்த தாக்குதல்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தாக்குதல் வரப்போகின்றதென்பது முன்னரே தெரிந்திருந்தது என்பதைப் பலர் அறியார்.

அதனை அறிந்தோர் கம்பியில்லாத் தந்தி ஒலிகளை இரவும் பகலும் கேட்டு எழுதியவர்களும், அவற்றின் சங்கேதத்தை அவிழ்த்தவர்களுமேயாவர். இத்தகைய பணிக்கெனப் பிரித்தானியர் 1919இல் ஒரு நிறுவனத்தை அமைத்தனர். அரசாங்கச் சங்கேதங்களின் பாதுகாப்புக்கு ஆலோசனை கூறுவதே அதன் கடமை என்று வெளியே சொல்லினர். பிறநாட்டார் சங்கேதங்களை ஆராய்வது மறைவான கடமை. தன் வீட்டுப் பூட்டைக் காப்பவனே அயலான் பூட்டையும் திறக்கக் கற்பது போன்றது இது. இன்றும் அவ்வாறே; அதன் வழிவந்த நிறுவனத்தின் ஒரு பகுதியாகவே, கணினி வலையமைப்புகளைக் காக்கும் தேசிய நிலையம் 2016இல் தோன்றியது.

அந்நிறுவனத்தோடு தொடர்புடைய கீழைத்தேயப் பிரிவு, சிங்கப்பூருக்கு ஆபத்து நெருங்கவே, 1942 சனவரியிற் கொழும்புக்கு வந்தது. மார்ச் மாத இறுதியில், இலங்கையை யப்பானியர் தாக்குவர் என்றும், ஏப்ரல் முதலாந் திகதியளவில் அது நிகழும் என்றும் இவர்கள் கணித்தனர். கடற்படைத் தளபதி சோமர்வில் தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே திரட்டிக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தண்ணீர் குறைந்தது, செய்தி பிழையோ என்ற ஐயமும் எழுந்தது. 2ஆம் திகதி இரவு அவர் மாலைதீவின் அட்டுத் துறைக்குத் திரும்பினார். டோர்செற்சயர், கோர்ன்வால் என்னும் இரு கப்பல்களைக் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைத் திருக்கோணமலைக்கும் அனுப்பினார்.

செய்தி பிழையன்று, நாள்தான் பிழை. செலிபிசுத் தீவிலிருந்து மார்ச் 26ஆம் திகதி புறப்பட்ட யப்பானியக் கடற்படையை, ஏப்ரல் 4ஆம் திகதி மாலை, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சால் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் அவர் அனுப்பிய தந்தியாற் கொழும்பு எச்சரிக்கை பெற்றது. ஆயினும் டோர்செற்சயரும் கோர்ன்வாலும் மறுநாள் நடுக்கடலில் மூழ்கின. 424 பேர் மாண்டனர். 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸும் மூழ்கியது.

சங்கேதம் அவிழ்த்தவர்களைக் குறைகூறுவது நியாயமன்றென்பது என் எண்ணம். பாதி விளங்கிய சொற்களிலிருந்து இடத்தையே கண்டுபிடித்தவர்கள் அவர்கள். காத்திருந்தோர் பொறுமைக்கு எல்லையிருந்ததும் இயல்பே. தாக்குதலின்பின் அப்பிரிவினர் ஆபிரிக்காவின் மொம்பாசாவுக்குச் சென்று, 1943 செப்ரெம்பரில் மீண்டுங் கொழும்புக்கு வந்து, அண்டர்சன் என்னும் நிலையத்தில் யுத்தம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தனர்.