டிகிரி என்னும் கதவு எப்போது வந்தது?

"டிகிரி இல்லாமல் ஐடி வேலைக்கு மாற முடியுமா?" என்று கேட்கும் நம் தம்பி தங்கைகளுக்கு இன்று இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. "தகுதி வேண்டாமா?" என்பது ஒன்று. "திறமை போதும், எங்கள் ஆறு மாத கோர்ஸில் பணம் கட்டுங்கள்" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பும் முன் இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

'கம்ப்யூட்டர்' என்பது இயந்திரத்தின் பெயராகும் முன்பு மனிதர்கள் பார்த்த வேலையின் பெயர். 1938இல், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்தவர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு நியூயார்க்கில் ஒரு கணித அட்டவணைத் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 450 பேர் வரை அதில் வேலை பார்த்தார்கள். பெரும்பாலானோர் உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர்கள். குறை எண் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது. திட்டத்தின் கணிதப் பொறுப்பில் இருந்தவர் கெர்ட்ரூட் பிளாஞ்ச். போலந்திலிருந்து வந்த யூதப் பெண். பல ஆண்டுகள் அலுவலக வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகக் கல்லூரிக்குப் போய், 1935இல் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் அந்தத் தொழிலாளர்களைக் குறை சொல்லவில்லை, வேலையைப் பிரித்தார். ஒரு குழுவுக்குக் கூட்டல் மட்டும், இன்னொன்றுக்குக் கழித்தல் மட்டும். மிகை எண்ணைக் கறுப்பு பென்சிலால் எழுத வேண்டும், குறை எண்ணைச் சிவப்பால். எந்த நிறத்தோடு எந்த நிறம் சேர்ந்தால் என்ன வரும் என்ற விதியைச் சுவரில் எழுதி வைத்தார்கள். அந்தக் கைகள் போட்ட அட்டவணைகள் துல்லியத்துக்குப் பேர் போனவை. இரண்டாம் உலகப் போரில் கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிகாட்டும் கணக்குகளும் அங்கே போடப்பட்டன. தகுதி இல்லாத கூட்டம் என்று இவர்களை யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்!

மின்னணுக் கணினி வந்த பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. புரோகிராமிங்குக்குப் பட்டப்படிப்பே இல்லாதபோது எந்தப் பட்டத்தைக் கேட்பது? 1955இல் ஐபிஎம் ஒரு திறனறித் தேர்வை உருவாக்கியது. இசை படித்தவர்களும் வேறு வேலைகளில் இருந்தவர்களும் உள்ளே வந்தார்கள். அமெரிக்காவின் முதல் கணினி அறிவியல் துறை பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கியதே 1962இல்தான். தொழில் முதலில் வந்தது. டிகிரி பின்னால் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் தேர்வு வைத்தால் நியாயம் கிடைத்துவிடுமா? அதற்கு மென்பொருளை விட்டு, வடக்கு கரோலினாவின் ஒரு மின் நிலையத்துக்குப் போக வேண்டும்.

டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் நிலையத்தில் 95 தொழிலாளர்கள். அவர்களில் 14 பேர் கறுப்பர்கள். அவர்களுக்குக் கூலிப் பிரிவு மட்டுமே. அந்தப் பிரிவின் அதிகபட்சச் சம்பளம், மற்றப் பிரிவுகளின் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு. நம் ஊர் நகராட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. 1955இல், மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர்வதற்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கட்டாயமானது. அதற்கு முன்பே, சான்றிதழ் இல்லாமல் சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள். பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதிதாகச் சேர்பவர்களுக்கு இரண்டு திறனறித் தேர்வுகளைச் சேர்த்தது. தேதியைக் கவனியுங்கள்.

கறுப்பர் யாரும் வரக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34%, கறுப்பு ஆண்கள் 12%. வில்லி கிரிக்ஸ் உள்ளிட்ட 13 தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வேலைக்குத் தொடர்பில்லாத நிபந்தனை ஒரு பிரிவினரை வெளியே தள்ளினால் அது சட்டவிரோதம். நோக்கம் நல்லது என்று சொல்லித் தப்ப முடியாது. சான்றிதழுக்கும் தேர்வுக்கும் இதே விதி என்றது. படிக்காத ஊழியர்களின் பள்ளிக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தது. அதுவும் அதைக் காப்பாற்றவில்லை.

இந்தத் தீர்ப்பு நமக்கு அந்நியமல்ல. ராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில், 2021இல் நம் உச்ச நீதிமன்றம் மறைமுகப் பாகுபாட்டை விளக்கியபோது கிரிக்ஸ் வழக்கை எடுத்துப் பேசியது. ஆனால் அங்கே எதிர்த்தரப்பு அரசு. இட ஒதுக்கீடே எட்டிப் பார்க்காத தனியார் ஐடி நிறுவனங்களில், பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60% வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று விளம்பரம் செய்கிறார்கள். கோடு எழுதுவதற்கும், ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்த ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களை இதுவரை எந்த நீதிமன்றமும் கேட்க வைக்கவில்லை. அந்த வழக்கைத் தொடுக்கப்போகும் 13 பேர் நம்மில் யார்?