வழியுணவில் குழந்தையின் பங்கு

முன்னுரை

நெடுவழி செல்வோர் தம்முடன் கொண்டுசெல்லும் உணவிற்குத் தமிழில் பெயர்கள் பல உண்டு. இலக்கியங்களும் அவ்வுணவைப் பல இடங்களிற் பேசுகின்றன. ஆயினும், பெற்றோருடன் அவ்வழியிற் சென்ற சிறு குழந்தை யாது உண்டது என்று வினவுவோமாயின் நூல்கள் எளிதில் விடை தருவதில்லை. கிடைக்கும் குறிப்புகள் மிகச் சில. அச்சிலவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து தோன்றவில்லை. கோடை விடுமுறையொன்றில் மதுரையிலிருந்து சென்னைக்குக் காரில் வந்துகொண்டிருந்தோம். ஏறத்தாழ 460 கிலோமீட்டர் வழி. பாதி வழியில் எம் இளைய மகன், நான்கு அகவையினன், கடலைமிட்டாயின் ஒரு பருப்பை மெல்லாது விழுங்கப் புகுந்து மூச்சுத் திணறினான். வண்டியை ஓரமாக நிறுத்தி, அவனை முன்புறம் சாய்த்து முதுகில் தட்டிய பின்னரே பருப்பு வெளிவந்தது. அதனைக் கையிற் கொடுத்தவர் யாமே. உடன் வந்த எம் தாயார் கடிந்து பேசவில்லை, “சின்னப் பிள்ளைக்கு இடித்துத்தானே கொடுக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். அவ்வொரு சொல்லின் பின்னே நெடியதொரு மரபு நிற்கின்றது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

1. பெயர்கள் உணர்த்துவன

‘ஆற்றுணா’ என்பது பழைய சொல். ஆறு என்பது வழி. வழிக்குரிய உணவு ஆற்றுணா. கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆதலின் அவர் ஆற்றுணா சுமந்து செல்ல வேண்டுவதில்லை என்பது பழமொழி நானூற்றின் கருத்து. ‘தோட்கோப்பு’ என்பது மற்றொரு சொல். தோளிற் கோத்துச் செல்லும் உணவு ஆதலின் இப்பெயர் பெற்றது. நாலடியார், உயிர் போகும் நெடுவழிக்கு அறத்தைத் தோட்கோப்பாகக் காலத்தே கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு என்பன பொதிந்தும் கட்டியும் கொண்டுசெல்லும் வகையால் வந்த பெயர்கள்.

இப்பெயர்களை நிரல்பட வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒன்று வழியாற் பெயர் பெற்றது. ஒன்று தோளாற் பெயர் பெற்றது. ஏனையவை கட்டிய முறையாற் பெயர் பெற்றன. உண்பவரால் பெயர் பெற்றது ஒன்றும் இல்லை. மேலும், மேற்கூறிய அறநூல்கள் இரண்டும் வழியுணவை உவமையாகவே ஆள்கின்றன. அவை கருதும் வழிப்போக்கன் வளர்ந்தவன். அவன் தோளில் உணவு உண்டு. இடையில் குழந்தை இல்லை. ஆகவே, குழந்தையைத் தேடி வேறிடம் செல்லவேண்டியவராகிறோம்.

2. உமணர் வண்டியும் வினைஞர் முன்றிலும்

குடும்பத்தோடு நெடுவழி சென்ற மக்களுள் உமணர் தலையாயவர். உப்பேற்றிய வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஊர்தோறும் சென்று விற்றவர் அவர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு பதிப்பித்த பத்துப்பாட்டுள் இரு நூல்கள் இவர்தம் செலவை ஓவியம்போற் காட்டுகின்றன.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில், குழந்தையையுடைய பெண்ணொருத்தி வண்டி மாடுகளைப் பின்னின்று ஓட்டுகின்றாள். அவ்வண்டியின் முன்பகுதியில் காடி வைத்த கலம் கயிற்றாற் கட்டப்பட்டுள்ளது. ஆடுமகளிரின் இறுக வலித்துக் கட்டிய இசைக்கருவியைப் போல அது தோன்றிற்றாம். காடி என்பது புளித்த கஞ்சிக்கும் ஊறுகாய்க்கும் வழங்கும் பெயர். எப்பொருள் கொள்ளினும் அது புளிப்பால் கெடாது நிற்கும் உணவு என்பதில் ஐயமில்லை. குழந்தையும் காடிக் கலமும் ஒரே வண்டியிற் செல்வதைப் புலவர் கண்டு பாடியுள்ளார். அக்கலத்தினின்று குழந்தைக்கு ஊட்டினர் என்று அவர் கூறவில்லை. யாமும் கூறத் துணியோம்.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை மற்றொரு காட்சியைத் தருகின்றது. உமணர் வண்டியோடு வந்த மந்தியொன்று, கிளிஞ்சிலின் வயிற்றில் முத்தினை இட்டு, உமட்டியர் பெற்ற சிறுவரோடு கிலுகிலி ஆடுகின்றது. வழிச்செலவில் குழந்தைக்கு உணவேயன்றி விளையாட்டும் வேண்டும் என்பதை அன்றே அறிந்திருந்தனர். நெடுவழியில் குழந்தை அழுவதெல்லாம் பசியால் அன்று. அழுந்தோறும் வாயில் எதையேனும் இட்டு அடக்கும் இக்காலத்தார் இக்காட்சியை எண்ணிப் பார்த்தல் நன்று.

குழந்தையின் உணவு விருப்பத்தை நேரே கூறும் இடம் பெரும்பாணாற்றுப்படையிலேயே உண்டு. அது வழியில் நிகழ்வதன்று. வயலருகே வினைஞர் குடிலின் முன்றிலில் நிகழ்வது. அவர்தம் அன்புச் சிறுவர் பழஞ்சோற்றை வெறுத்துத் தாமே உலக்கை எடுத்து அவல் இடிக்கின்றனர். அவ்வொலிக்கு அயலிலுள்ள கிளிகள் அஞ்சுகின்றனவாம். பெரியவர்க்குப் போதுமான பழஞ்சோறு சிறுவர்க்கு உவப்பாகவில்லை. அவர் விரும்பியது உலர்ந்ததும் இலேசானதுமாகிய அவல். குழந்தையின் பங்கு வேறு என்பதற்கு எமக்குத் தெரிந்த பழஞ்சான்று இது.

3. சோறும் நீரும்

சேக்கிழார் பெரியபுராணத்துள் பொதிசோற்று நிகழ்ச்சிகள் இரண்டு வருகின்றன. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் நீர்வேட்கையாலும் தளர்ந்த நாவுக்கரசர்க்குச் சோலையும் குளமும் உண்டாக்கி, இறைவன் பொதிசோறு அளித்தான் என்பது ஒன்று. குருகாவூர் வழியில் சுந்தரர்க்குப் பந்தரிட்டுப் பொதிசோறும் தண்ணீரும் அளித்தான் என்பது மற்றொன்று. இரண்டிலும் சோறு தனியே வரவில்லை. நீரும் நிழலும் உடன் வருகின்றன.

வெயில் மிக்க நாட்டில் நீரின்றி உண்ணும் உணவு துன்பமாகும் என்பது இதனாற் பெறப்படும். எனவே, நீர்வேட்கையை மிகுவிக்கும் உப்பும் இனிப்பும் வழியுணவில் அளவோடு இருத்தல் வேண்டும். வேட்கையைச் சொல்லால் உணர்த்த அறியாத குழவிக்கு இது பின்னும் பொருந்தும்.

4. சத்திரத்துப் பால்

தஞ்சை மராட்டிய மன்னர் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் பல அமைத்தனர். இரண்டாம் சரபோசி 1802இல் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரம் அவற்றுட் சிறந்தது. சத்திரங்களின் அறப்பணிகளை விளக்கி அம்மன்னர் 1801இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதம் இவ்வாய்விற்கு இன்றியமையாதது. வழிப்போக்கர் அனைவர்க்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதார்க்கு அரிசியும் பிறவும். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் உளரோ என அழைத்து உணவளித்தல். கருவுற்ற மகளிர்க்குப் பேறுகாலத் துணை. பால் குடிக்கும் குழந்தைகட்குப் பால் என அக்கடிதம் நிரல்படக் கூறும்.

இங்குப் பாலைத் தனியே எண்ணியிருத்தல் கருதத்தக்கது. எல்லார்க்கும் சோறு என்று கூறி அமையாது, குழவிக்குரியதை அரசின் அறமே வேறாகப் பிரித்து வைத்தது. முன்றிலில் சிறுவர் தாமே செய்துகொண்டதை இங்கு ஆட்சி செய்தது என்க.

5. இடித்தலும் புளிக்கச் செய்தலும்

இனி, வீட்டு வழக்கிற்கு வருவோம். கட்டுச்சோறு கட்டும் தாயர் இரு வழிகளைக் கையாண்டனர்.

ஒன்று, புளிப்பு ஏற்றுதல். புளிச்சோறு, புளியும் நல்லெண்ணெயும் சேர்தலால் நெடுநேரம் நிற்கும். தயிர்ச்சோற்றில் பாலை மிகுதியும் தயிரைச் சிறிதும் ஊற்றிப் பிசைவர். உண்ணும் பொழுதிற்குள் அது தானே தோய்ந்து அளவாகப் புளிக்கும். வாட்டிய வாழையிலை பொதிக்குக் கிழியாமல் இடந்தரும். இவ்வழக்கின் பயனை இக்கால அறிவியல் விளக்குகின்றது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் அழியா. சோறு வெதுவெதுப்பாகக் கிடப்பின் அவை பெருகி நஞ்சு விளைக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினும் போகாது. புளிப்பு அப்பெருக்கத்தைத் தளர்த்தும். எனினும், மூடிய காரின் வெப்பத்தில் வெறுஞ்சோற்றை ஒரு மணி நேரத்திற்கு மேல் வைத்துக் குழந்தைக்கு ஊட்டுதல் தகாது. புளிப்பேற்றிய சோறும் காலையிற் கட்டியது நண்பகலுக்குள் முடிதல் வேண்டும்.

மற்றொன்று, இடித்தல். வறுத்த அரிசியையும் பயற்றையும் இடித்துப் பொரிமாவாக்குவர். பெரியவர்க்கு அதனை வெல்லப்பாகில் உருட்டிப் பொருள்விளங்கா உருண்டையாக்குவர். பல் உறுதிப்படாத சிறுவர்க்கு அம்மாவையே வெல்லமும் நீரும் சேர்த்துப் பிசைந்து ஊட்டுவர். ஒரே பொருள், இரு வடிவம். உருண்டை கல்லைப்போல் நின்று பல நாள் கெடாதிருக்கும். ஆயினும், அக்கடுமையே சிறுவர்க்கு ஊறாகும். மூத்தோர் இதனை நுண்ணிதின் அறிந்திருந்தனர். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு முழுக் கடலை, முழுப் பருப்பு, கடினமான மிட்டாய் ஆகியன தரலாகாது என்று இன்றைய குழந்தை மருத்துவரும் கூறுவர். மெல்லுதலும் விழுங்குதலும் மூச்சும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் திறன் அவ்வயதில் முதிர்ந்திராது. குலுங்கும் வண்டியில் இவ்விடர் பின்னும் மிகும்.

மரபு கூறுவன எல்லாம் கொள்ளத்தக்கன என்பது எம் கருத்தன்று. தேனும் தினைமாவும் புகழ்பெற்ற உணவு; ஆயினும், ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தருதல் ஆகாது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை.

6. புகைவண்டி தந்த மாற்றம்

1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னகத்தின் முதற் பயணியர் புகைவண்டி ஓடிற்று. பலநாள் வழி சிலமணி வழியாயிற்று. நிலையந்தோறும் நீரும் தின்பண்டமும் கிடைக்கலாயின. நீரைச் சாதி சமயம் பார்த்து வேறுவேறாக வார்த்த கொடுமையும் அக்காலத்தது என்பதை மறைத்தல் கூடாது.

வழியுணவை வீட்டிற் கட்டும் வழக்கம் இதனால் உடனே மறையவில்லை. ஆயினும், வழியில் வாங்கும் வழக்கம் வளர்ந்தது. மணப்பாறை முறுக்கின் பெயர் ஊர்தோறும் பரவியதில் அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்திற்குப் பங்குண்டு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் அக்குறியீட்டைப் பெற்றது. தென்னமெரிக்காவினின்று வந்த நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுப் பகுதியிற் பெருமளவிற் பயிராயிற்று. ஆகவே, சங்கச் சிறுவர் அறியாத பண்டம் அது. உப்பிட்டு எண்ணெயிற் பொரித்த முறுக்கு நீர்வேட்கையைத் தூண்டுவது. நீர் கிடைக்கும் நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்த பின்னரே அத்தகைய பண்டம் வழியுணவாகச் செழித்தது என்று கருத இடமுண்டு. நீர் எளிதாயிற்று, உணவின் தன்மையும் மாறிற்று.

இம்மாற்றத்தில் ஒன்று நழுவிற்று. கடைப்பண்டம் அனைவர்க்கும் ஒரே வடிவினது. அதனை இடித்துத் தரும் உரல் புகைவண்டியில் இல்லை.

7. கார்ச்செலவு

கார் அந்நழுவலை நிறைவாக்கிற்று. சாலையோரக் கடையில் வாங்கும் பொட்டலத்தை மூன்று வயதினனும் முப்பது வயதினனும் ஒன்றாகப் பிரித்து உண்கின்றனர். உப்பு மிகவே நீர் கேட்பர். நீருக்கு மாற்றாக இனிப்புப் பானம் வரும். பின்னர் வயிறு புரளும்.

காரிற் குழந்தைக்கு வரும் குமட்டலின் காரணம் முற்றும் உணவன்று. உட்செவி அசைவை உணர்த்த, மடியிலுள்ள பொருளையே நோக்கும் கண் அசைவின்மையை உணர்த்தும். இம்முரணே குமட்டலை எழுப்புவது. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவரிடம் இது மிகுதி. எண்ணெய்ப் பண்டமும் நிறைவயிறும் இதனை வளர்க்கும், வெறுவயிறும் நன்றன்று. சிறிது சிறிதாக உலர்ந்த உணவைத் தந்து, இடையிடையே நீர் பருகச் செய்து, தொலைவிலுள்ள காட்சியை நோக்கச் செய்தல் வேண்டும். நனைத்த அவல், பொரிமா, மிளகாய்ப்பொடி இல்லாத இட்டலி, மசித்த வாழைப்பழம் ஆகியன இதற்குப் பொருந்துவன. ஊட்டும்பொழுது வண்டியை நிறுத்துதல் இவை அனைத்தினும் சிறந்தது.

முடிவுரை

ஆய்ந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம். தமிழர் வழியுணவைத் தேர்ந்தமைக்குச் சுவை மட்டும் காரணமன்று. கெடாமை, நீர்வேட்கையை மிகுவியாமை என்னும் இரண்டும் அனைவர்க்கும் பொது. குழந்தையின் பல்லுக்கும் வயிற்றுக்கும் ஏற்றதை வேறாக அமைத்தல் மூன்றாவது. முன்னிரண்டை இன்று ஆலையும் பொட்டலமும் கடையும் நமக்காகச் செய்கின்றன. மூன்றாவதை எந்த ஆலையும் ஒரு குறிப்பிட்ட குழந்தைக்காகச் செய்ய இயலாது. அது உடன் செல்வோர் கடமை.

எம் தாயாரின் வினாவிற்கு அன்று விடை கூறாதிருந்தோம். இப்பொழுது எம் காரில் சிறியதொரு தூக்குப் பாத்திரத்தில் பொரிமா செல்கின்றது. பெரியவர் உண்ணும் கடலைமிட்டாய், அவன் கைக்கெட்டாமல் பின்பெட்டியில் இருக்கின்றது.